அட்டாக் மட்டும் அழுத்தினால் போதாது

ஏற்காடு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பு ஆரம்பித்துவிட்டதால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. அம்மா நலம். மூட்டு வலி வைத்தியத்துக்கு அவ்வப்போது சேலம் இறங்குகிறோம். இருபது கொண்டை ஊசி வளைவும் அவருக்குத் தலைசுற்றல்தான், ஆனால் திரும்பும்போது தட்டுவடை செட் சாப்பிடாமல் மலையேற மாட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டர்ன் பேஸ்டு, அதாவது ஆளுக்கொரு முறை வைத்துச் சண்டை போடும் வீடியோ கேம் வகையைக் காப்பாற்றியதே 'எக்ஸ்பெடிஷன் 33' கேமின் பேரிதான் (அடி விழும் நொடியில் பட்டனைத் தட்டித் தடுப்பது) என்று எழுதியிருந்தாய். நல்ல ஆட்டம், மறுக்கவில்லை. பிரான்சில் மான்ட்பெல்லியே நகரத்து ஸ்டுடியோ ஒன்று 2025-ல் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எதிரி வீசும் ஒவ்வொரு வெட்டையும் சரியான நொடியில் தடுத்துவிட்டால் அடியே படாது. அடியே படாதவனுக்கு உயிரேற்றும் ஹீல் எதற்கு, பார்ட்டியில், அதாவது நம் கூட்டத்தில், யார் இருந்தால் என்ன? அங்கே பாதி வெற்றி விரலுக்குப் போகிறது. எனக்கு இந்த வகை ஆட்டம் பிடித்ததே, விரலுக்கு ஓய்வு கொடுத்து மூளையை வேலை வாங்குவதால்தான்.

அந்தக் காலத்து மெஷினுக்குத் தெம்பில்லாததால்தான் முறை வைத்து ஆடினார்கள் என்றும் சொல்கிறாய். 1985-ல் நின்டென்டோவின் ஃபாமிகாம் மெஷினில்தான் சூப்பர் மரியோ அந்த ஓட்டம் ஓடியது. அடுத்த வருஷம் அதே மெஷினில்தான் யூஜி ஹோரி டிராகன் குவெஸ்ட் செய்தார். விஸார்ட்ரி, அல்டிமா என்ற பழைய கம்ப்யூட்டர் கேம் இரண்டிலும் ஊறியவர் அவர். வேண்டுமென்றேதான் இதைத் தேர்ந்தெடுத்தார். நம் பெரியவர்கள் பாறையில் கோடு கீறி ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை யாராவது வேகம் போதாது என்று குறை சொன்னார்களா?

என்னைக் கேட்டால், அட்டாக் பட்டனை மட்டும் அழுத்திக்கொண்டே போனால் ஆட்டம் உன்னை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும். ஷின் மெகாமி டென்சே மூன்று, அதாவது நாக்டர்ன், அதைச் செய்கிறது. நாலு பேர் பார்ட்டி என்றால் உனக்கு நாலு டர்ன் ஐகான், அதாவது உன் முறையில் நாலு அடி. எதிரியின் பலவீனத்தில் அடித்தால் ஐகானில் பாதிதான் செலவாகும், இன்னொரு அடி அடிக்கலாம். அடி தவறினாலோ இரண்டு ஐகான் போய்விடும். இதே சட்டம் எதிரிக்கும் உண்டு. ஆரம்பத்திலேயே மேடடார் என்று ஓர் எலும்புக்கூடு வாளோடு வந்து நிற்பான். சிவப்புத் துணியை ஒரு வீசு வீசினால் அவன் வேகம் உச்சத்துக்குப் போய்விடும். உன் ஆள் வெட்டுவான், தவறும். அடுத்தவன் வெட்டுவான், அதுவும் தவறும். நாலு ஐகானும் காலி, இனி அவன் முறை. லெவல் ஏற்றிக்கொண்டு போனாலும் அவ்வளவாக உதவாது. அவன் வேகத்தைக் குறைக்கும் மந்திரம் தெரிந்த கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு, காற்றுத் தாக்குதல் செல்லாமல் செய்யும் மகதாமா என்ற மந்திரப் பொருளைப் போட்டுக்கொண்டு போனால் அதே மேடடார் அடங்கிவிடுவான். நம் பலத்தை ஏற்றும் பஃப், எதிரி பலத்தை இறக்கும் டிபஃப் எல்லாம் சும்மா அலங்காரம் என்று நினைத்திருப்பவனுக்கு அங்கேதான் கண் திறக்கும்.

ஃபைனல் ஃபேன்டஸி பத்தில் (2001) யூனலெஸ்கா என்ற பெரிய எதிரி நினைவிருக்கிறதா? இரண்டாம் உருவத்தில் எல்லோரையும் ஸோம்பி ஆக்கிவிடுவாள், ஹீல் போட்டால் உயிர் குறையும். நாம் பொறுப்பாக ஒவ்வொருவரையும் குணப்படுத்தி வைப்போம். மூன்றாம் உருவம் எடுத்ததும் ஒரே அடியில் ஆளைக் கொல்லும் மெகா டெத் வரும். அதில் பிழைப்பது ஸோம்பியாக விட்டுவைத்த ஆள் மட்டும். முதல் தடவை போகிறவனுக்கு இது அநியாயம்தான், அதற்கு முன்னால் வரும் நீளக் காட்சியைத் தாண்டவும் பழைய பதிப்பில் வழி கிடையாது. ஆனாலும் அடுத்த முறை யாரைக் குணப்படுத்துவது, யாரை அப்படியே விடுவது என்று திரையோரத்து டர்ன் வரிசையைப் பார்த்தபடி கணக்குப் போடும் அந்த ரெண்டு நிமிஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் மாப்ள நான் ஆடுகிறேன்.

கதை, இசை எல்லாம் வேண்டும்தான், அதில் நமக்குள் சண்டையில்லை. நாலடி நடப்பதற்குள் ஒரு சண்டை வந்து வழியை மறிப்பது எனக்கும் எரிச்சல்தான். அதற்கு 1994-லேயே எர்த்பவுண்ட் வழி காட்டிவிட்டது. நம்மைவிட ரொம்பப் பலம் குறைந்த எதிரி என்றால் சண்டையே வராமல் ஜெயித்ததாகக் கணக்கு. மற்றவர்கள் இதை ஏன் அப்போதே எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

நாக்டர்னின் ரீமாஸ்டர் ஸ்விட்சிலும் பிசியிலும் இருக்கிறது. வீடியோ எதுவும் பார்க்காமல் மேடடார் வரைக்கும் ஆடிவிட்டு எழுது. பொங்கலுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், லாட்ஜெல்லாம் பார்க்காதே, நம் வீட்டிலேயே தங்கலாம். இந்த வருஷம் குளிர் அதிகம், ஸ்வெட்டர் எடுத்து வா. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள