இஞ்ச் டேப் பிடித்த அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

டிரம்ஸ் பதிவு முடிந்துவிட்டது. நேற்றிரவு ஹெட்போனில் கேட்டோம், அப்புறம் போன் ஸ்பீக்கரிலும் கேட்டோம். டாம் டிரம்களின் உருட்டல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகிறது, ஸ்நேர் (அடியில் கம்பிகள் கட்டிய டிரம்) அசையாமல் நடுவில் நிற்கிறது. டிரம்ஸ் வாசித்த தம்பி விமானம் ஏறுவதற்குள் அவன் வாசிப்பு பத்திரமாகிவிட்டது, அது போதும்.

மொட்டைமாடி அறையையும் ஜமுக்காளங்களையும் கொடுத்த சார், காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கு பேஸ் மைக் தந்த சர்ச் பாடகர் குழு, மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸை பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிய நண்பன், பதிவு முடியும்வரை தண்ணீர் மோட்டார் போடாமல் பொறுத்துக்கொண்ட அக்கா, எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி.

கீழ்க்கடை டெய்லர் அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

டிரம்ஸுக்கு மேலே வைக்க எங்களிடம் இருந்தது ஒரு கண்டென்சர் மைக், ஒரு எஸ்எம்57 மைக். இரண்டும் ஜோடியே இல்லை. கண்டென்சர் பளிச்சென்று கேட்கும், மற்றது கொஞ்சம் மந்தம். அதனால் கிளின் ஜான்ஸ் என்ற ஒலிப்பதிவாளரின் முறைக்குப் போனோம்: ஒன்று ஸ்நேருக்கு நேர் மேலே, இன்னொன்று தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் பக்கத்திலிருந்து ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டைப் பார்த்தபடி. ரைடு சிம்பல் என்ற பெரிய தட்டு இருக்கும் பக்கம் மந்தமான மைக் வந்ததும் நல்லதாகவே அமைந்தது. ஸ்நேரை அடித்துப் பார்த்து இரண்டின் அளவையும் சமன் செய்துவிடலாம். ஆனால் ஸ்நேர் நடுவிலிருந்து இரண்டுக்கும் தூரம் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். மைக் கேபிளை நீட்டி அளந்துகொண்டிருந்தோம். என்ன சத்தம் என்று பார்க்க வந்த அண்ணன், கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து, "நடு எது தம்பி?" என்றார். நுனியை ஸ்நேர் தோலின் நடுவில் விரலால் அழுத்திப் பிடித்தார். "தொய்யுது பாரு, இழுத்துப் பிடி." மேலே 40 அங்குலம், பக்கத்திலும் 40.

அத்தோடு அவர் போகவில்லை. அவருடைய தையல் மிஷின் சத்தம் கண்டென்சரில் விழுகிறது என்று தெரிந்ததும், முகூர்த்த நேரத்தில் ரவிக்கைகள் குவிந்து கிடக்க, போய் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் மறுபடி அளந்தார். கண்டென்சரின் கனத்தில் ஸ்டாண்டின் கை தாழ்ந்து, மேல் மைக் ஓர் அங்குலம் இறங்கியிருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். அந்தக் கணக்கில் ஓர் அங்குல வித்தியாசம், இரண்டு மைக்கும் மோனோவாக, அதாவது ஒரே ஒலியாக, சேரும்போது 6, 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஸ்நேரை அரித்துவிடும். ஒரே ஸ்பீக்கர் உள்ள போனில் கேட்பவருக்கு அந்தக் கம்பிச் சலசலப்பே மங்கிப்போகும்.

நின்றுபோன வேலைக்குப் பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. எங்கள் பாட்டு ஒன்றைக்கூட அதற்கு முன் கேட்டிராத மனிதர் ஏன் இத்தனை மெனக்கெட்டார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எங்களில் யாரும் அவரிடம் உதவி கேட்கவே இல்லை.

இனி எங்கள் இரண்டு மைக்கும் ஸ்டாண்டும் பூட்டி வைக்கப்படாது. பதிவுக்குத் தவிக்கிற பிள்ளைகள் யாராக இருந்தாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம், வாடகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே வந்து டேப் பிடிக்கிறேன்.