பூட்டியின் வெள்ளைச் சட்டை

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். தம்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பெங்களூரில் குளிர் தொடங்கியிருக்கும். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே.

போன வாரம் பெட்டித் துணிகளை வெயிலில் போட்டபோது பூட்டியின் வெள்ளைச் சட்டை கையில் வந்தது. துணி பழுத்து மஞ்சளாகி, தோள் மடிப்பில் இழை விட்டிருக்கிறது. கழுத்தோரத்து ரேந்தையில், அந்த லேஸ் பின்னலில் மட்டும், ஒரு கண்ணிகூட அறவில்லை. நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மால்ட் துரைசாணி தொடங்கிவைத்த அந்த வேலையை, தலையணையில் ஊசி குத்தி, நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, பூட்டி தன் கையாலேயே பின்னியது.

அந்தச் சட்டைக்கு முன்னால் நம் நாடார் பெண்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும். ஆயினும் எழுதத் தோன்றுகிறது. 1829-இல் வந்த திருவிதாங்கூர் அரசாணை, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த நம் பெண்கள் குப்பாயம் என்ற சட்டையைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை போடக்கூடாது என்றது. 1858-இன் இறுதியில் சந்தைகளில் பெண்களின் மேல்சீலையை இழுத்துக் கிழித்தார்கள். ஜெபக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகுதான், 1859 ஜூலை 26-இல், மகாராஜா தடையை நீக்கினார். அதிலும், எப்படி வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் ஆகாது என்று ஒரு முடிச்சு இருந்தது. கொடுத்த கையாலேயே பிடுங்கிக்கொள்வது என்பது இதுதான்.

பாடத்தில் இல்லாத ஆண்டுகளிலும் இதை என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொண்டை கம்மச் சொல்லியிருக்கிறேன். அதே நான்தான் காலையில் பள்ளி வாசலில் நின்று, துப்பட்டாவில் ஊக்குக் குத்தாத பிள்ளைகளை வெளியே நிறுத்தினேன். இரண்டையும் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை.

நீ முதல் சம்பளத்தில் எடுத்துத் தந்த பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டுதான் சித்தி மகள் கல்யாணத்துக்கு வந்தேன். கேட்டவரிடமெல்லாம் மகள் எடுத்தது என்று சொன்னேன். அன்றிலிருந்து மூன்று மாதமாகத் தம்பியிடம் மட்டும் பேசுகிறாய். பெற்றவளிடம் இவ்வளவு வீம்பு ஆகாது. சாப்பாட்டையாவது நேரத்துக்குச் சாப்பிடு.

அந்தக் கல்யாணத்தன்று கோயில் படியில், சொந்தக்காரர் பார்க்க, மதினியின் சால்வையை வாங்கி உன் தோளில் போட்டேன். நீ தோளைச் சுருக்கிக்கொண்டாய், பந்தியிலும் உட்காரவில்லை. யாரும் என்னிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை, மகளே. கேட்டுவிடுவார்களோ என்று நானாகவே பயந்துகொண்டு அதைச் செய்தேன். பூட்டியின் சட்டையை மடிக்கையில் அந்தத் தோள்தான் நினைவுக்கு வந்தது.

சட்டையைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. கிறிஸ்துமஸ் வண்டிக்கு இப்போதே முன்பதிவு செய்தால்தான் இடம் கிடைக்கும். வெறும் வயிற்றோடு போகாதே. அந்தத் தோள் மடிப்பை இழையோட்டி வைக்கட்டுமா, இருக்கிறபடியே விட்டுவிடட்டுமா என்பதைத் தம்பியிடமாவது சொல்லி அனுப்பு.

உன் அம்மா