முக்திநாத் போக எந்த அட்டை?

நங்கநல்லூர்,
சென்னை.

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. எண்பத்து நாலு வயதில் அம்மா முக்திநாத் போகக் கிளம்பிவிட்டார்கள் என்றால் அந்தத் தெம்பில் பாதியாவது நமக்கு வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில் பங்குனியிலேயே மண்டையைப் பிளக்கிறது.

"எல்லார்கிட்டயும் ஆதார் இருக்கு, அது போதும்" என்று எழுதியிருக்கிறாய். போதாது. அதனால்தான் உடனே பேனாவை எடுத்தேன். முக்திநாத் கோவில் இருப்பது நேபாளத்தில். அங்கே போக நமக்கு விசா தேவையில்லை. ஆனால் காலாவதியாகாத பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்றின் அசல் கையில் இருக்க வேண்டும். ஆதார் நீ யார் என்று சொல்லும், எந்த நாட்டுக் குடிமகன் என்று சொல்லாது. 15 வயதுக்குக் கீழேயும் 65 வயதுக்கு மேலேயும் உள்ளவர்களுக்கு மட்டும் 2019இல் மத்திய உள்துறை ஆதாரை ஏற்றுக்கொண்டது. ஆக, அம்மாவுக்கும் ஒன்பது வயசுப் பேரனுக்கும் ஆதார் போதும். உனக்கு 64. அந்தச் சலுகை உனக்குக் கிடையாது!

உன் வாக்காளர் அட்டை எது என்று பீரோவைத் திறந்து பார். தொண்ணூறுகளில் கொடுத்த லேமினேஷன் அட்டை என்றால் எண் 'டிஎன்' என்று தொடங்கி, நடுநடுவே சாய்கோடு போட்டு நீளமாக இருக்கும். போட்டோ கரிக்கட்டை மாதிரி இருக்கும், ஓரத்தில் உறை பிரிந்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு போகாதே. முகம் தெரியாவிட்டால் விமான நிலையக் கவுன்டரில் இருப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். புது அட்டையில் மூன்று எழுத்து, ஏழு இலக்கம். மாற்று அட்டைக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் படிவம் 8. வாக்காளர் சேவை இணையதளத்திலேயே போடலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் சரிபார்த்து, அச்சாகி, தபாலில் வந்து சேர நாளாகும், அதனால் இந்த வாரமே போட்டுவிடு. கைப்பேசியில் இறக்கிய மின்னட்டையை மட்டும் நம்பிக் கிளம்பாதே.

கல்யாணியின் பாஸ்போர்ட் போன வருஷமே காலாவதி என்கிறாய். அப்படியானால் அது வெறும் புத்தகம். அவளும் வாக்காளர் அட்டையில்தான் வர வேண்டும். டிக்கெட் போடுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் உன் பெயர் அவளுக்குக் குடும்பப் பெயராக இருக்கும், வாக்காளர் அட்டையில் 'கல்யாணி' மட்டும் பெயர், நீ 'கணவர் பெயர்' என்ற வரியில் இருப்பாய். விமான நிறுவனத்தின் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நம் இனிஷியலை எந்தக் கட்டத்தில் திணிப்பது என்பது தமிழனுக்கே உரிய தலைவலி. ஒரே விதிதான்: பயணத்தில் எந்த அட்டையைக் காட்டப் போகிறோமோ, அதில் உள்ள எழுத்துக்கூட்டலே டிக்கெட்டிலும். பழைய டிக்கெட்டைப் பார்த்து நகல் எடுக்காதே.

பேத்திக்கு 16 என்பதால் அவள்தான் இடைஞ்சலான வயது. ஆதார் செல்லாது, ஓட்டும் கிடையாது. 15 முதல் 18 வரை பள்ளி முதல்வர் குறிப்பிட்ட படிவத்தில் கொடுக்கும் அடையாளச் சான்றிதழ் செல்லும். மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும்போது ஓடாமல், தேர்வு முடிவதற்குள் வாங்கிவிடு. என்னைக் கேட்டால் பாஸ்போர்ட்டே எடுத்துவிடலாம். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் மூன்று இடத்திலும் சேவை மையம் இருக்கிறது. அவள் வயதுக்குப் பதினெட்டு வரை மட்டும் செல்லுபடியாவதைக் குறைந்த கட்டணத்தில் வாங்கலாம், 1,500 ரூபாய் கட்டிப் பத்து வருஷத்துக்கும் வாங்கலாம். இரண்டாவதே லாபம்.

குடும்பமாகப் போனால் பெரியவர் ஒருவரிடம் சரியான அட்டை இருந்தால், மற்றவர்கள் உறவைக் காட்டும் போட்டோ ஆவணத்தோடு போகலாம் என்று ஒரு விதி உண்டு. காகிதத்தில் இருக்கிறது, கவுன்டரில் இருப்பவர் ஒத்துக்கொள்வாரா என்பது அன்றைய உன் அதிர்ஷ்டம். அதை நம்பி டிக்கெட் போடாதே.

சென்னையிலிருந்து டெல்லி வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து காத்மாண்டுவுக்கு வேறு டிக்கெட் என்று பிரித்துப் போட்டால் இன்னொரு ஆபத்து. மீனம்பாக்கத்தில் ஆதாரைக் காட்டி ஏறிவிடலாம், உள்நாட்டு விமானம்தானே. டெல்லியில் காத்மாண்டு விமானத்தின் கவுன்டரிலோ குடியேற்ற வரிசையிலோதான் திருப்பி அனுப்புவார்கள். கோரக்பூர் வரை ரயிலில் போய் எல்லை ஊரான சோனௌலி வழியாக நடந்தே எல்லை தாண்டுகிறவர்களை அநேகமாக யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. அதைப் பார்த்துவிட்டு ஆவணமே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. அங்கேயும் கேட்டால் இந்தியர் என்று ஆவணம் காட்ட வேண்டும். அதோடு முக்திநாத் போகும் வழியில், போகராவிலிருந்து ஜோம்சோம் போகிற சின்ன விமானத்தில் இந்தியருக்கு என்று தனிக் கட்டணம், மற்ற வெளிநாட்டவர் கட்டுவதைவிடக் குறைவு. இந்தியர் என்று காட்ட அட்டை வேண்டாமா? முக்திநாத் இருக்கும் அன்னபூர்ணா பகுதிக்கான அனுமதிச் சீட்டுக்கும் அடையாள அட்டையும் போட்டோவும் கேட்பார்கள். நம்மைப் போன்ற சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு ஆளுக்கு 1,000 நேபாள ரூபாய், நம் கணக்கில் 625. ஆளுக்கு நாலு போட்டோ எடுத்துக்கொள்.

அட்டைகளின் நகலை இரண்டு பேர் பையில் தனித்தனியாக வை. அங்கே தொலைந்தால் போலீஸில் புகார் எழுதி, அந்த நகலோடு காத்மாண்டு இந்தியத் தூதரகத்துக்குப் போனால், ஊர் திரும்ப மட்டும் ஒரு தடவைக்கான அவசரச் சான்றிதழ் தருவார்கள்.

அப்படியே கைலாசமும் பார்த்துவிடலாம் என்று உன் மச்சான் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. அது சீனா, எல்லோருக்கும் பாஸ்போர்ட்டும் சீன விசாவும் வேண்டும்.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஐந்து பேர் அட்டையையும் முன்பக்கம் பின்பக்கம் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. பெயர்களை நான் பார்த்துச் சொல்கிறேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன்,
சம்பத்