தனுஷ்கோடி சாலையில் இணைப்புத் தந்த ஆட்டோ அண்ணனுக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை விசைப்படகுத் தொழிலாளர் குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதைப் பதிவு செய்து, அன்றன்றே அலுவலகத்துக்கு அனுப்புவது என் வேலை. பாம்பன், தங்கச்சிமடம் வரை இணையம் ஓரளவு கிடைத்தது. தனுஷ்கோடியில் இறங்கியதும், கடலுக்கு அப்பால் தலைமன்னார் இருப்பதால், என் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டது. ரோமிங் வசதி இல்லாததால் ஒரு கோப்பும் போகவில்லை.

அண்ணே, நான் உதவி கேட்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்து அலைந்துகொண்டிருந்ததைப் பார்த்து நீங்களாகவே வந்தீர்கள். நெட்வொர்க்கைத் தானாகத் தேடும் அமைப்பை நிறுத்தி, நம் நாட்டுச் சேவையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தீர்கள். அதிலும் சிக்னல் நிற்காதபோது, சிக்னல் வலுவாகக் கிடைக்கும் இடம்வரை வண்டியில் அழைத்துச் சென்று, மணல் படாமல் உங்கள் போனைப் பால் கவரில் சுற்றி ஆட்டோவின் கூரைமேல் வைத்து, ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டீர்கள். கடைசிக் கோப்பு போய்ச் சேரும்வரை, வந்த சவாரியையும் வேண்டாமென்று அனுப்பிவிட்டீர்கள். எனக்கு மிகப் பெரிதாகப்படுவது அதுதான், ஏனென்றால் அது உங்கள் அன்றைய வருமானம்.

ரீசார்ஜ் செய்துவிடுகிறேன் என்று எண்ணைக் கேட்டதற்கு, "வேலை முடிஞ்சிருச்சுல்லம்மா, அது போதும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். பெயரைக்கூடக் கேட்க முடியவில்லை. மனமார்ந்த நன்றி அண்ணே. இராமேசுவரம் ஆட்டோ நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அவரிடம் காட்டுங்கள்.