வெள்ளம் வடிந்த பிறகும் எங்களோடு நின்றவர்களுக்கு

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், கன்னியர் மடத்துச் சிஸ்டர்மாருக்கும், வின்சன் டி போல் சபையினருக்கும், இளைஞர் மன்றத்துத் தம்பி தங்கச்சிமாருக்கும், கரையில் இருந்து வள்ளத்தோடு வந்த அண்ணன்மாருக்கும்,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகளோடு எங்கள் ஊரின் வணக்கம்.

வெங்காயம் கிண்டி முடியட்டும், அதன் பிறகு எழுதுவோம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசியிருந்தோம். கடந்த கிழமை கடைசித் தறையும் கிண்டியாயிற்று. உங்கள் பங்கின் பெயரைப் போட வேண்டாம் என்று பங்குச் சுவாமி கேட்டுக்கொண்டார். அந்தச் சொல்லை மீறவில்லை. ஆனால் நடந்ததை நாலு பேர் அறியச் சொல்லாமல் இருக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

2024 நவம்பர் கடைசிக் கிழமை. வங்கக் கடல் தாழமுக்கம் எங்கள் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே நகர்ந்து, பிறகு ஃபெங்கல் புயலாகி, 30ஆம் திகதி புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. எங்களை வருத்தியது காற்றல்ல, மழை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓடுகிற ஆறு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வழுக்கையாறுகூட மாரிக்குத்தான். பெய்த மழை நிலத்துக்குள் சுவற வேண்டும், இல்லையென்றால் வாய்க்கால் வழியே நீரேரிக்குப் போக வேண்டும். நிலமும் ஊறி, தொண்டைமானாற்று நீரேரியும் முட்டிவிட்டால் தண்ணீருக்குப் போக்கிடம் ஏது? வல்லை வெளியை அடுத்த எங்கள் பள்ளக் காணிகளில் அது வீட்டுக்குள்தான் வந்தது. 27ஆம் திகதி விடியும்போது அடுப்படியில் முழங்காலளவு தண்ணீர்.

அன்று மத்தியானம் முதலில் வந்தவர்கள் கரையோரத்து அண்ணன்மார். தாழமுக்கம் என்றால் கடல் தொழில் இல்லை. தொழில் இல்லையென்றால் கையில் காசும் இல்லை. அந்த நிலையில்தான் ஃபைபர் வள்ளத்தை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு, எண்ணெய்க்குத் தாங்களே காசு சேர்த்துக்கொண்டு வந்தார்கள். நடக்க மாட்டாத ஆச்சி ஒருவரைக் கதிரையோடு தூக்கி வள்ளத்தில் வைத்தவரிடம், "ஏன் மேனே உனக்கு இந்தப் பாடு?" என்று ஆச்சி கேட்டா. "சுனாமிக்கு எங்கட வீடு போன நேரம், உங்கள மாதிரிச் சனம்தான் ஆச்சி கோயில் மடத்தில வைச்சு எங்களுக்குச் சோறு போட்டது. அப்ப எனக்கு எட்டு வயசு" என்றார் அவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி மணற்காடு தொடங்கி உடுத்துறை, மருதங்கேணி என்று வடமராட்சி கிழக்குக் கரை முழுவதும் என்ன பாடுபட்டது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாட்டைப் பட்டவர்களே எங்களைத் தூக்க வந்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் சனம் கோயில் மடத்திலும் பாடசாலையிலும் தங்கியிருந்தது. 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை. சமைக்கத் தொடங்குமுன் சிஸ்டர் ஒருவர் எங்கள் மாதர் சங்கத் தலைவிக்குப் போன் எடுத்து, "இண்டைக்கு வெள்ளி, அதோட கார்த்திகை மாசம். மரக்கறிதான் சமைக்கிறம். மச்சம் மாமிசம் புழங்காத பாத்திரமா வேற இடத்தில வாங்கி வைச்சிருக்கிறம், யோசிக்காமச் சாப்பிடச் சொல்லுங்கோ" என்றார். அன்று வந்தது சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பால்கறி, பூசணிக்காய். பசியில் இருக்கிறவன் எதையும் சாப்பிடுவான் என்று நினைத்துப் பொதியை நீட்டிவிட்டுப் போகிறவர்களையும் அந்த நாட்களில் பார்த்தோம். பொதியைப் பிடித்தபடி கமராவைப் பார்க்கச் சொன்னவர்களையும் பார்த்தோம். உங்கள் ஆட்களில் ஒருவரும் எங்கள் பிள்ளைகளைப் படம் எடுக்கவில்லை. அதற்காகத் தனியே ஒரு நன்றி.

உயர்தரப் பரீட்சை நவம்பர் 25இல் தொடங்கி, வெள்ளத்தால் 27இல் இடைநிறுத்தப்பட்டு, டிசம்பர் 4இல் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளிக்குள் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கொப்பிகள் தண்ணீரில் ஊறிக் கட்டியாகிக் கிடந்தன. கன்னியர் மடத்து மண்டபத்தில் பாய் விரித்து, மின்விசிறியின் கீழ் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்தார்கள். ஒட்டிக்கொண்ட தாள்களுக்கு நடுவே வெதுப்பகத்து எண்ணெய்த் தாளைச் செருகி எடுத்தது சிஸ்டர் ஒருவரின் யோசனை. மை கரைந்துபோன பாடங்களுக்கு, அதே பாடம் படிக்கும் வேறு பாடசாலைப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் போட்டோக் கொப்பி எடுத்துத் தந்தார்கள் இளைஞர் மன்றத்தினர். உயிரியல் படிக்கும் எங்கள் பிள்ளை ஒன்று, தன் கையெழுத்துப் பாதியும் யாரோ ஒரு பிள்ளையின் கையெழுத்துப் பாதியுமாக இருந்த அந்தக் கட்டோடு பரீட்சைக்குப் போனது.

இனி, கிணறு. எங்கள் மடலின் முக்கியமான நன்றி இதற்குத்தான்.

சமைத்த சாப்பாடு சில நாட்களில் நின்றுவிடும்; அது முறைதான். சனம் வீடு திரும்பும். திரும்பினால் குடிக்க என்ன இருக்கிறது? எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல். மேலே ஊறுவது கெதியாகக் கீழே போய்ச் சேரும். மலகூடக் குழியில் இருப்பதும் அப்படித்தான். வெள்ளம் கட்டுக்கு மேலால் பாய்ந்த கிணறுகளில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் நின்றது. இறைப்பு மிசின் இருந்தவர்கள் உடனே இறைத்து வற்றவிட வெளிக்கிட்டார்கள். உங்கள் ஆட்கள்தான் ஓடிவந்து மறித்தார்கள். சுற்றியிருக்கும் மண் ஊறிக் கிடக்கையில் கிணற்றை ஒரே மூச்சில் வெறுமையாக்கினால் கட்டுச் சரியும். நீரேரிப் பக்கக் கிணறு என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. குடாநாட்டில் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீருக்கு மேலே மிதந்துதான் நிற்கிறது. மேலே இருப்பதை அளவுக்கு மிஞ்சி இழுத்தால் அடியில் இருப்பது ஏறிவிடும், பிறகு அது இறங்கக் காலம் எடுக்கும். சுனாமிக்குப் பிறகு தங்கள் கரையோரக் கிணறுகளில் இதைப் பட்டறிந்தவர்கள் அவர்கள்.

ஆகவே வெளியே தண்ணீர் வடியும் வரை பொறுக்கச் சொன்னார்கள். அதுவரை லொறியில் பவுசர் தண்ணீர் வந்து சேர ஒழுங்கு செய்தார்கள். பிறகு வீடு வீடாக வந்தார்கள். கொஞ்சம் இறைத்து, ஊற விட்டு, மறுபடி இறைத்து, தண்ணீர் இடுப்பளவுக்கு வந்ததும் இரண்டு பேர் கயிற்றில் இறங்குவார்கள். மேலே ஒருவர் கயிற்றை விடாமல் பிடித்திருப்பார். தும்புத்தடியால் கட்டைச் சுற்றித் தேய்த்து, சேற்றை வாளி வாளியாக அள்ளி அனுப்புவார்கள். எங்கள் வீட்டுக் கிணற்றில் இருந்து செத்த எலி, ஒற்றைச் செருப்பு, உரப்பை, ஒரு சாரைப் பாம்பு எல்லாம் வந்தன. ஏறி வந்த தம்பிக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. தேத்தண்ணி குடியுங்கோ என்றால், "அடுத்த வீட்டையும் முடிச்சிட்டுக் குடிக்கிறன் அக்கா" என்று போய்விட்டான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்ன அளவில் குளோரின் கலந்து, ஒரு இரவு விட்டு, அவர் வந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அந்தக் கிணற்றை விட்டு அடுத்ததுக்குப் போனார்கள். கூலிக்குச் செய்கிற வேலையில்கூட இந்தப் பொறுப்பை நாங்கள் கண்டதில்லை.

டிசம்பரில் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் காய்ச்சலால் ஆட்கள் சாகத் தொடங்க ஊரே பயந்து போயிற்று. எலிக்காய்ச்சல் என்று பிறகு உறுதியானது. சுகாதாரத் திணைக்களம் தடுப்பு மாத்திரை தந்தது. ஆனால் வாங்கியதைக் கிழமைக்குக் கிழமை மறக்காமல் விழுங்கச் செய்வது வேறு வேலை. சிஸ்டர்மார் வயலுக்குப் போகிறவர்களின் வீடுகளுக்கு வந்து, "போட்டனீங்களோ?" என்று கேட்டுத்தான் போவார்கள். கால் வெடிப்பும் புண்ணும் உள்ளவர்களுக்கு முழங்கால் வரை வரும் பூட்ஸ் வாங்கித் தந்தார்கள். அந்த வருடம் உங்கள் கரோல் செலவைக் குறைத்துத்தான் அது வந்தது என்பதை வேறொருவர் சொல்லித்தான் அறிந்தோம்.

ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறோம். எங்களுடையது சைவ ஊர். "வேதக்காரர் என்னத்துக்கு வருகினம்?" என்று, கிறிஸ்தவர்களான உங்களைக் குறித்துத் தொடக்கத்தில் கேட்டவர்களும் உண்டு. இந்தக் கதை யாழ்ப்பாணத்தில் எங்கேயும் உள்ளதுதான். சுவாமி முதல் நாளே கோயில் பரிபாலன சபைத் தலைவரின் வீட்டுக்குப் போய், எந்த உதவியும் உங்கள் சபையும் கிராம அலுவலரான விதானையாரும் தருகிற பட்டியல்படிதான் நடக்கும் என்று சொல்லிவிட்டு வந்தார். கோயில் மடத்துக்குள் வந்த உங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் வாசலில் செருப்பைக் கழற்றி, கால் கழுவித்தான் வந்தார்கள். ஒரு துண்டுப் பிரசுரம் இல்லை, ஒரு கூட்டம் இல்லை. மகனைப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் அம்மா ஒருவர் தானாகக் கேட்டபோது மட்டும், சிஸ்டர் அவரின் கையைப் பிடித்துச் சத்தமில்லாமல் செபித்தார். "என்னத்துக்கு வருகினம்?" என்று கேட்டவர்களே பிறகு உங்களுக்கு மண்வெட்டி எடுத்துத் தந்தார்கள்.

விதானையார், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள், பாடசாலை அதிபர், லண்டனிலும் கனடாவிலும் இருந்து காசு அனுப்பிய எங்கள் ஊர்ப் பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. அவர்களுக்குத் தனித்தனியே எழுதியிருக்கிறோம்.

தை பிறந்து நிலம் காய்ந்ததும், என்ன விதை வேண்டும் என்று எங்கள் கமக்காரரைத்தான் கேட்டீர்கள். மாரி மழையில் விளையும் காலபோக நெல் அழுகிப் போய்விட்டது, அதைத் திரும்ப விதைக்கக் காலமில்லை. சின்ன வெங்காயம் தாருங்கள் என்றார்கள். தந்ததை இனாமாக வாங்க அவர்களுக்கும் மனமில்லை. அறுவடைக்குப் பிறகு அதே அளவு விதையை, இம்முறை கிடைக்காத குடும்பத்துக்குக் கொடுப்பது என்று அவர்களே முடிவெடுத்தார்கள். இப்போது கிண்டிய வெங்காயம் பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தொங்குகிறது. அடுத்த குடும்பங்களின் பட்டியலைச் சனசமூக நிலைய அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறோம். ஒரு பிரதியை இத்துடன் அனுப்புகிறோம்.

வைகாசியில் எங்கள் கோயில் பொங்கல். மடத்தில் அன்னதானம் உண்டு, எல்லோரும் வர வேண்டும். உங்கள் பங்குத் திருவிழாச் சமையலுக்கு வெங்காயம் எங்களுடையது. எத்தனை அந்தர் தேவை என்று பத்து நாட்களுக்கு முன்னரே சொல்லிவிடுங்கள். தம்பிமாரிடம் லான்ட்மாஸ்டரில் கொடுத்து விடுகிறோம்.

அன்புடன்,
கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கோயில் பரிபாலன சபை ஆகியவற்றின் சார்பில்
செயலாளர்