இரைச்சலையும் சேர்த்துக் கேட்பது

அன்புள்ள நண்பா,

நலம்தானே? அக்காவின் முட்டிவலி குறைந்திருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்து நிம்மதியானேன். இங்கே மழை விட்டபாடில்லை. வேலையும் குறைவு, பாட்டுக் கேட்க நேரம் கிடைக்கிறது.

இப்போதெல்லாம் ஜப்பானிய இசையமைப்பாளர் தோரு தாகேமிட்சுவைத்தான் கேட்கிறேன். அவருடைய 'நவம்பர் ஸ்டெப்ஸ்' 1967 நவம்பரில் நியூயார்க் பில்ஹார்மோனிக் வாசித்தது. நடத்தியவர் செய்ஜி ஒசாவா. முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எதிரே பிவா என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம் ஒன்று, ஷாகுஹாச்சி என்ற ஜப்பானிய மூங்கில் குழல் ஒன்று. இவற்றை ஆர்க்கெஸ்ட்ராவோடு அவர் குழைத்துவிடவில்லை. நீண்ட பகுதி ஒன்றில் மற்ற எல்லாரும் சும்மா இருக்க, இவை இரண்டும் மட்டுமே பேசிக்கொள்கின்றன.

பிவாவை மீட்டினால் சுத்தமான சுரம் மட்டும் வராது. தந்திக்கு அடியில் இருக்கும் மெட்டுக்கட்டையின் அகன்ற தலையில் தந்தி உரசி ரீங்கரிக்கும். அதை சாவாரி என்கிறார்கள். தம்புராவில் தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக் கட்டைக்கும் நடுவே நூலைச் செருகி ஜீவா கொடுப்போமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். ஆனால் நமக்கு அது பாட்டுக்குப் பின்னால் நிற்கிறது. அங்கே முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஷாகுஹாச்சியிலும் காற்று சீறுவதை மறைப்பதில்லை, வேண்டுமென்றே சீற விடுகிறார்கள்.

இதைக் கேட்ட காதோடு ஜப்பானின் ராக்கு மண் தேநீர்க் கிண்ணங்களின் படங்களைப் பார்த்தேன். 16ஆம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கு ஆசான் சென் நோ ரிக்யூவுக்காக சோஜிரோ என்ற குயவர் செய்யத் தொடங்கியவை. சக்கரம் கிடையாது, கையாலேயே பிடித்து வனைவது. கறுப்புக் கிண்ணத்தைத் தகதகக்கும்போதே இடுக்கியால் சூளையிலிருந்து எடுப்பார்கள். இடுக்கி பிடித்த தழும்பு மெருகின் மேல் அப்படியே நிற்கும். அதைத் தேய்த்து அழிப்பதில்லை. சாவாரியும் இந்தத் தழும்பும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. பொருள் தன் குரலில் பேசுகிறது, கலைஞன் குறுக்கே போகவில்லை.

ஜப்பானிய ஓவியர் ஹசெகாவா தோஹாகு பைன் மரங்களை வரைந்த மடிப்புத் திரைகளும் அப்படித்தான். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் முரட்டுத் தூரிகைக் கீறல்கள்தான், மை காய்ந்து பிசிறடித்திருக்கும். தள்ளி நின்றால் பனிமூட்டத்தில் மரங்கள். பாதிக்கு மேல் வெறும் காகிதம்; பனி முழுக்க அதில்தான் இருக்கிறது.

சரி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வசதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் உங்கள் வீட்டுத் தம்புராவை மூலையில் சாத்தி வைத்திருப்பது எனக்கு மனசாகவில்லை. பொங்கலுக்கு வரும்போது அதைத் தூக்கிக்கொண்டு வா. தந்தியும் நூலும் நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்