தந்தையர் ஐக்கியம், யாங்கோன்: 2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

போதகர் ஐயா அவர்களுக்கும், ஐக்கியத்தின் தலைவர் அண்ணன் அவர்களுக்கும், சபை மூப்பர்களுக்கும், மாதர் சங்கச் சகோதரிகளுக்கும், வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிற சகோதரர்களுக்கும் ஸ்தோத்திரம். 2025 ஜனவரி முதல் டிசம்பர் முடிய நம் ஐக்கியத்தின் காரியங்களைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இந்த ஆண்டும் நம் குடும்பங்களைத் தாங்கி நடத்திய கர்த்தருக்கே துதி உண்டாவதாக.

முதலில் கூட்டங்களைக் குறைத்ததைப் பற்றிச் சொல்கிறேன். சென்ற பொதுக்குழுவில் மாதர் சங்கத்துச் சகோதரி ஒருவர் எழுந்து, “ஞாயிறு முழுக்கக் கோயில், புதன் ஜெபக்கூட்டம், வெள்ளி கமிட்டி, சனி பாடகர் பயிற்சி. மிச்ச நாளெல்லாம் வேலை. என் பிள்ளைகளுக்கு அப்பாவை எந்தக் கிழமையில் தருவீர்கள், ஐயா?” என்று கேட்டார். போதகர் ஐயா அந்தக் கேள்வியை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னார். அடுத்த நிர்வாகக் குழுவின் முழு நேரமும் அதற்கே போனது.

அன்று வேதாகமத்தில் வரும் ஆசாரியன் ஏலியைப் பற்றி நெடுநேரம் பேசினோம். சீலோவில் கர்த்தருடைய ஆலயத்திலேயே வயதானவர் அவர். தம் குமாரர் செய்கிற அக்கிரமத்தை அறிந்தும் அவர்களை அடக்காமற்போனார் என்பதே 1 சாமுவேல் 3:13இல் அவர்மேல் சொல்லப்பட்டிருக்கிற குற்றம். ஆலய வேலையில் இருப்பதாலேயே வீட்டு வேலை முடிந்துவிட்டது என்று ஒரு தகப்பன் எண்ணிக்கொள்ள முடியாது. தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதையும் வாசித்தோம். அந்த விசாரிப்பில் சம்பாத்தியமும் உண்டு, கூட உட்கார்ந்து சாப்பிடுவதும் உண்டு என்பது குழுவின் ஒருமித்த கருத்து.

ஆகவே மூன்று தீர்மானங்கள் எடுத்தோம். வெள்ளிக்கிழமை இரவுக் கமிட்டி நின்றது. அந்த வேலையை ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு அரை மணி நேரத்தில் முடித்துக்கொள்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள தகப்பனுக்குச் சபையில் ஒரே ஒரு பொறுப்புத்தான். ஐக்கியத்தின் மாதக் கூட்டம் ஆலயக் கட்டடத்தை விட்டு வீடுகளுக்குப் போனது, அதுவும் திங்கட்கிழமை மாலையில்.

ஏன் திங்கள் என்று பலர் கேட்டீர்கள். நம் சகோதரர்கள் சிலருக்குப் போஜோக் மார்க்கெட்டில் பிழைப்பு. 1926இல் கட்டிய நாளிலிருந்து பெரியவர்கள் ஸ்காட் மார்க்கெட் என்று சொல்லிவரும் அதே இடம். அந்த மார்க்கெட்டுக்கு வார விடுமுறை திங்கட்கிழமை. ஞாயிறு அவர்களுக்கு நல்ல வியாபார நாள். கடை வைத்திருப்பவர் வேண்டுமானால் ஒரு வேளை சாத்திவிட்டு வரலாம், சம்பளத்துக்கு நிற்பவர் வர முடியாது. இவர்களை “ஆராதனைக்கு வராதவர்கள்” என்று நம்மில் சிலர் பேசியது உண்டு. அந்தப் பேச்சு இனி நம் நடுவில் இருக்கக் கூடாது என்று செயலாளர் என்கிற முறையில் அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். கொரிந்து பட்டணத்தில் பவுலே ஆக்கில்லாவோடு உட்கார்ந்து கூடாரம் தைத்தார். உழைத்துத் தின்பவனுக்குச் சபைதான் நேரத்தைத் தேடிக் கொடுக்க வேண்டும்.

திங்கள் மாலைக் கூட்டத்துக்கு மனைவி, பிள்ளைகள், தாத்தா, பாட்டி எல்லாரும் வரலாம். வீட்டுக்காரர் அத்தோ என்கிற நூடுல்ஸ் கலவையோ, மொய்ங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸோ செய்து வைப்பார். வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள். பஸ் கிடைக்க வேண்டுமே என்பதற்காக எட்டு மணிக்கு முடித்துவிடுகிறோம். தாம்வேயில் ஒரு வீட்டில் கூடியபோது, வழக்கம்போல் மின்சாரம் போயிருந்தது. சார்ஜ் லைட்டைத் தட்டின்மேல் கவிழாமல் நிறுத்தி வைத்துக்கொண்டு தகப்பனார் 127ஆம் சங்கீதத்தைத் தமிழில் ஒரு வசனம் வாசித்தார். ஆறாம் வகுப்புப் படிக்கிற மகள் அதே வசனத்தை ஜட்சன் ஐயாவின் பர்மிய வேதாகமத்திலிருந்து வாசித்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. தகப்பனாருக்குப் பர்மிய எழுத்து தடுமாறும். வசனத்துக்கு வசனம் மாறி மாறிப் போனது. இருவரும் ஒருவர் விரலை ஒருவர் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். அவள் ஒரு வசனத்தைத் தாண்டிவிட்டபோது அவர் பொறுமையாகக் காத்திருந்தார். 1813இல் ரங்கூனில் வந்திறங்கிய அடோனிராம் ஜட்சன் வேதாகமம் முழுவதையும் பர்மிய மொழியில் பெயர்த்து முடித்தது 1834இல். திருத்திய பதிப்பு 1840இல் வந்தது. அந்தப் புத்தகம் இன்று நம் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அப்பாவையும் பிள்ளையையும் ஒரே பாயில் உட்கார வைக்கிறது. அந்த வீட்டைப் பார்த்த பின் வேறு பல வீடுகளும் இதே முறையில் ஜெபிக்கத் தொடங்கியிருக்கின்றன. இதைவிட நல்ல செய்தி என் அறிக்கையில் இல்லை.

லைங்தாயா ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சகோதரர்களின் பாடு வேறு. ஓவர்டைம் முடிந்து அவர்கள் வீடு சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். ஓவர்டைமை விடச் சொல்ல நமக்கு வாயில்லை. அரிசி விலையும் எண்ணெய் விலையும் எல்லாருக்கும் தெரியும். தையல் மெஷின் பழுது பார்க்கும் சகோதரர் ஒருவர் தாமே ஒரு வழி கண்டுபிடித்தார். ஜூனில் பள்ளி திறந்ததும், காலையில் மகனைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போவதைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். போகிற வழியில் ஒரு வசனம் சொல்லிக் கொடுப்பார், நேற்றையதை மகன் திருப்பிச் சொல்ல வேண்டும். பள்ளி வாசலில் தோளில் கை வைத்து ஒரு சிறு ஜெபம். “வழியில் நடக்கிறபோதும்” என்று உபாகமம் 6:7 சொல்வதை அவர் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். இரவு ஜெபம் நடத்த முடியாத தகப்பன்மார் மனம் சோர வேண்டாம், காலையும் கர்த்தருடையதே என்று போதகர் ஐயா இதைப் பிரசங்கத்திலும் எடுத்துச் சொன்னார்.

மார்ச் 28 வெள்ளிக்கிழமை நண்பகலுக்குச் சற்றுப் பின் வந்த பூகம்பத்தை யாரும் மறக்க மாட்டோம். 7.7 அளவில் சகாய்ங், மண்டலே பக்கம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. யாங்கோனில் நமக்கு ஆட்டத்தோடு நின்றாலும், மண்டலேயில் அண்ணன், தங்கை, சம்பந்தி என்று உள்ளவர்கள் போன் கிடைக்காமல் பட்ட வேதனையை நேரில் பார்த்தோம். ஜும்மா தொழுகை நேரமாதலால் பள்ளிவாசல்களில் இருந்த எத்தனையோ தகப்பன்மாரும் பிள்ளைகளும் ஒருசேரப் போய்விட்டார்கள். அந்த வாரமே அரிசி, தார்ப்பாய், மருந்து என்று சேர்த்து அனுப்பினோம். எந்த மதத்தார் என்று பாராமல் கொடுக்கும்படி சொல்லியே அனுப்பினோம். இங்கே வந்து தங்கிய உறவினர்களுக்கு இடம் கொடுத்த வீட்டாருக்கு ஐக்கியம் கடமைப்பட்டிருக்கிறது.

மலேசியாவிலும் தாய்லாந்திலும் வேலை பார்க்கிற நம் சகோதரர்களுக்காக வைபரில் குடும்ப ஜெபம் ஏற்படுத்தினோம். மலேசியாவில் ஒன்பது மணி ஆகும்போது இங்கே ஏழரை. இந்த நேரத்தில் மின்சாரம் இருக்குமோ, இணையம் இருக்குமோ என்பது நம் கையில் இல்லை. ஆனாலும் பல குடும்பங்கள் விடாமல் நடத்துகின்றன. பணம் அனுப்புவதோடு தன் கடமை தீர்ந்தது என்று நினைக்காமல், மகளின் பரீட்சைத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு அன்று காலையே கூப்பிட்டு ஜெபிக்கிற தகப்பனும் நம்மில் இருக்கிறார். இந்த வீடுகளில் தாய்மார் இரட்டைப் பாரம் சுமக்கிறார்கள். சந்தைக்கோ மருத்துவமனைக்கோ ஒரு ஆள் துணை வேண்டுமென்றால் தயங்காமல் தலைவர் அண்ணனிடம் சொல்லுங்கள். இன்னார் போவது என்று முறை வைத்திருக்கிறோம்.

கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பு வழக்கம்போல் நடந்தது. கற்பித்த சகோதரர்களுக்கு நன்றி.

அக்டோபரில் பர்மியரின் விளக்குத் திருவிழா விடுமுறைக்கு மார்க்கெட், பள்ளி, ஆபீஸ் எல்லாம் ஒன்றாகச் சாத்தியிருந்ததால், குடும்பங்களோடு லோகா பூங்காவுக்குப் போய் வந்தோம். அந்தப் பௌர்ணமியை ஒட்டிப் பர்மியப் பிள்ளைகள் பெற்றோர் முன் முழந்தாளிட்டு, தாங்கள் செய்த பிழைகளைப் பொறுக்கும்படி கேட்பது இந்த நாட்டு வழக்கம். நம் பிள்ளைகள் பள்ளித் தோழர் வீடுகளில் அதைப் பார்த்தே வளர்கிறார்கள். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொல்லும் ஐந்தாம் கற்பனையை நமக்குக் கொடுத்த கர்த்தர் அதில் பிரியமாயிருப்பார் என்று நான் நம்புகிறேன். அன்று பிள்ளைகள் தகப்பன்மாருக்கு முன் வந்து நின்றார்கள். அதற்குப் பின் தகப்பன்மாரும் பிள்ளைகளிடம், கோபத்தில் பேசிய வார்த்தைகளுக்காக மன்னிப்புக் கேட்டார்கள். “பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்” என்ற வசனத்தைப் போதகர் ஐயா வாசித்து ஜெபித்தார். வெகு நாளாகத் தகப்பனோடு முகம் கொடுத்துப் பேசாதிருந்த ஒரு வாலிபன், திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

வாலிபப் பிள்ளைகளை நடத்துவது பற்றி வைக்க நினைத்த பயிற்சி நடக்கவில்லை. அதற்குத் தக்க ஆள் வெளியூரிலிருந்து வர இயலவில்லை. பந்து விளையாட்டுப் போட்டியும் மழையால் நின்றது. பெரிய வெள்ளி இந்த நாட்டில் பொது விடுமுறை இல்லாததால், வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை ஆராதனை ஒன்றும் வேண்டும் என்று மூப்பர் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதிலை எதிர்பார்க்கிறோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வீடுகளைத் திறந்து கொடுத்த குடும்பங்களுக்கும், சமைத்துப் பரிமாறிய சகோதரிகளுக்கும், ஊக்கம் கொடுத்த போதகர் ஐயாவுக்கும் ஐக்கியத்தின் மனமார்ந்த நன்றி. ஜனவரி மாத முதல் திங்கள் கூட்டம் தாக்கேத்தாவில். பிப்ரவரிக்கு இன்னும் வீடு அமையவில்லை, விரும்புகிறவர்கள் இன்றே பெயர் கொடுக்கவும். புதிய நிர்வாகிகள் தெரிவில், ஏற்கெனவே ஒரு பொறுப்பில் இருப்பவரின் பெயரை யாரும் முன்மொழிய வேண்டாம்.

கர்த்தருடைய பணியில்,
செயலாளர்,
தந்தையர் ஐக்கியம், யாங்கோன்